வட்டக்கோட்டை வட்டமில்லை

குமரி மாவட்டத்து வட்டக்கோட்டைக்கு முதல்முறை வருகிறவர்கள் மதில்மேல் ஏறி நின்று நாலாபுறமும் பார்த்துவிட்டு, "வட்டமாவே இல்லியே!" என்பார்கள். நியாயம்தான். பெயரில்தான் வட்டம், கட்டி நிற்பது செவ்வகம். ஏறத்தாழ மூன்றரை ஏக்கர், உள்ளே ஒரு குளம், ஒரு பக்கம் கடல், கீழே கறுத்த மணல். முன்மதில் 29 அடி கனம். பின்மதில் 6 அடிதான். வாசலில் பெயரைப் படித்துவிட்டு அப்படியே பஸ் ஏறிப் போகிறவன், வட்டமான கோட்டை ஒன்றைப் பார்த்து வந்தேன் என்று ஊரில் சத்தியம் செய்வான்.

போன மாசியில் ஒரு ஞாயிறு சாயங்காலம் அந்த மதில்மேல் உட்கார்ந்திருந்தபோதுதான் என் அக்காள் மகன் செல்போனை நீட்டினான். பழைய சீகோ 5 ஒன்று விற்பனைக்கு வந்திருந்தது. பூப்போட்ட போர்வைமேல் வைத்து எடுத்த நாலு படம். அதில் ஒன்று கைநடுக்கத்தில் கலங்கியிருந்தது. கீழே இரண்டே வரி: அப்பா வாட்ச், ஓடுது, விலை 2,500. விற்கிறவர் பெயர் இரண்டு எழுத்து. ஊர் தக்கலை. இதற்குமுன் அவர் ஒன்றும் விற்றதில்லை. ஒரு நட்சத்திரம்கூட இல்லை.

"கூட்டுக்காரன் எல்லாரும் வேண்டாம்ங்கான் மாமா. ஆளு ஆருன்னே தெரியல்லியாம்."

அவர்கள் வேறொன்றைக் காட்டியிருந்தார்கள். அதே சீகோ 5. மயில்கழுத்து நீலத்தில் டயல், கண்ணாடிபோல் மின்னும் கேஸ், பின்னால் வெல்வெட் துணி, பத்துப் படம். முழு சர்வீஸ் செய்தது, நூறு சதம் ஒரிஜினல் என்று எழுதியிருந்தது. விலை 4,800. விற்கிறவருக்கு ஆயிரக்கணக்கில் நட்சத்திரங்கள். அதை வாங்கு, இதைத் தொடாதே என்பது நண்பர்களின் தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பு அவர்களுடையது மட்டுமில்லை. பழைய கடிகாரம் சேர்க்கிறவர்கள் உலகம் முழுக்க மந்திரம்போல் ஓதுகிற ஒன்று: சரக்கைப் பார்க்காதே, ஆளைப் பார். முகம் தெரியாதவனிடம் ஆன்லைனில் பழைய வாட்ச் வாங்குகிறவன் முட்டாள் என்பது அதன் மறுபாதி. எனக்குத் தெரிந்து, இந்த மந்திரத்தைச் சொல்லிச் சொல்லியே ஏமாந்தவர்கள்தான் அதிகம். நானும் அதில் ஒருவன்.

மந்திரத்துக்குள் ஒரு நியாயம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய வாட்சின் உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியே தெரியாது. டயலுக்குப் பின்னால் துரு இருக்கலாம். மெஷின் வேறொன்றிலிருந்து எடுத்து வைத்ததாக இருக்கலாம். எண்ணெய் வற்றி, சக்கரங்கள் ஒன்றையொன்று தின்றுகொண்டிருக்கலாம். வாங்குகிறவன் பின்மூடியைத் திறந்து பார்க்க முடியாது; திறந்தாலும் அவனுக்குப் புரியாது. ஆகவே விற்கிறவனுடைய நாணயம் ஒன்றுதான் பிடிமானம் என்கிறார்கள். பிசிறில்லாத வாதம். நாணயத்தை எதைக் கொண்டு அளக்கிறோம் என்று கேட்காதவரை.

நட்சத்திரத்தைக் கொண்டு அளக்கிறோம். நட்சத்திரம் போடுகிறவன் எப்போது போடுகிறான்? பொட்டலம் வந்த அன்றைக்கு, மிஞ்சினால் அந்த வாரத்துக்குள். அவனுக்கு அப்போது தெரிந்தது மூன்று விஷயம்: சொன்ன நாளில் வந்தது, பத்திரமாகக் கட்டியிருந்தது, முள் நகர்கிறது. டயல் மறுவண்ணம் அடித்ததா, மெஷின் மூன்று வாட்சுகளிலிருந்து கோத்ததா என்பது ஒரு வருடம் கழித்து ரிப்பேர்க்காரர் திறக்கும்போதுதான் வெளிவரும். அதற்குள் நட்சத்திரம் எண்ணிக்கையில் சேர்ந்து, அடுத்தவனை இழுத்து வந்திருக்கும். ஆயிரம் நட்சத்திரம் என்பது ஆயிரம் பொட்டலம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததற்கான சான்று. தபால்காரருக்குக் கொடுக்க வேண்டிய மதிப்பெண்ணை வாட்சுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. பழைய வாட்ச் என்பது ஒவ்வொன்றும் தனிப்பிறவி. ஒருவர் வீட்டில் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஒரே மாடலை, ஒரே பளபளப்பில், எட்டு நிறத்தில், வாரத்துக்கு ஐம்பது விற்கிறவருக்கு அவை எங்கிருந்து வருகின்றன? நாற்பது வருடம் கையில் கிடந்த பொருள் அத்தனை பேருக்கும் புதுப்பெண் மாதிரியா இருக்கும்? நட்சத்திரம் சேர வேண்டுமானால் எண்ணிக்கை வேண்டும். எண்ணிக்கைக்குச் சரக்கு வேண்டும். பழைய சரக்கை உற்பத்தி செய்ய முடியாது, ஆனால் வண்ணம் அடிக்க முடியும். இந்த வியாபாரத்தில் பெயர் பெற்ற விற்பனையாளர் என்பதே சில சமயம் எச்சரிக்கை மணி.

சேகரிப்பாளர்கள் இதை 'மும்பை ஸ்பெஷல்' என்பார்கள். கறைபட்ட டயலைக் கழற்றி, பழைய அச்சைச் சுரண்டி எடுத்து, புது வண்ணம் பூசி, மேலே பெயரையும் நிமிடக் கோடுகளையும் மறுபடி பதிப்பது. கேஸைச் சக்கரத்தில் பிடித்து மூலைகள் மழுங்கும்வரை பாலிஷ் போடுவது. கிடைத்த முள், கிடைத்த சாவி. வெள்ளை டயலில் வந்த எச்.எம்.டி. ஜனதா, ஆரஞ்சிலும் கிளிப்பச்சையிலும் பிறந்துவிடும். தொழிற்சாலை கனவிலும் காணாத ராணுவச் சின்னங்கள் எச்.எம்.டி. பைலட் வாட்சின் நெற்றியில் ஏறும். அந்த வண்ணக்காரர்மேல் எனக்குக் கோபமில்லை. நகக்கண் அளவு எழுத்தைத் தகட்டில் பதிப்பதற்குக் கைத்தேர்ச்சி வேண்டும். மறுவண்ணம் அடித்தது என்று சொல்லி விற்றால், பிடித்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும். 'ஒரிஜினல்' என்று எழுதுகிற இடத்தில்தான் களவு தொடங்குகிறது.

எச்.எம்.டி.யைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய கடிகாரத் தொழிற்சாலை அது. முதல் வாட்சுகளை வெளியிட்டவர் நேரு. கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு, பத்தாம் வகுப்பு தேறியதற்கு, பணி ஓய்வு விழாவுக்கு என்று நாஞ்சில் நாட்டில் ஒரு தலைமுறையின் கையில் கிடந்தது எச்.எம்.டி. 1984-ல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கி, ஓசூரிலிருந்து பேட்டரி வாட்ச் வரத் தொடங்கியதும் சாவி கொடுக்கிற வாட்ச் பீரோவுக்குள் போயிற்று. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் அப்பா ஞாபகம் வந்தது. ஞாபகத்துக்கு விலை வந்ததும் வண்ணக்காரர்களுக்கு வேலை வந்தது.

அந்த ஞாபகத்தில் நானும் ஒரு பைலட் வாங்கினேன். கறுப்பு டயல். விற்றவர் பெயர்பெற்றவர், விசாரித்த அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினேன். எட்டு மாதம் ஆசையாகக் கட்டினேன். சாவி இறுகிப்போக, நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் ஒரு சந்தில் இருக்கிற ரிப்பேர்க்கார அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். மணிமேடை என்பது திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீமூலம் திருநாளின் 1893 வருகையை நினைத்துக் கட்டிய மணிக்கூண்டு. ஊரே நிமிர்ந்து பார்க்கிற அந்தக் கடிகாரத்துக்குப் பக்கத்தில், குனிந்தே முப்பது வருடம் உட்கார்ந்திருக்கிறார் அவர். லென்ஸைக் கண்ணில் சொருகி, டயலை நகத்தால் தூக்கி, ஓரத்தைக் காட்டினார். கறுப்பு வண்ணம் விளிம்பைத் தாண்டிப் பின்பக்கம் வழிந்து உறைந்திருந்தது. தொழிற்சாலை டயலில் அப்படி வழியாது. பன்னிரண்டுக்கு மேலே நிமிடக்கோடு ஒரு மயிரிழை சாய்ந்திருந்ததையும் அப்போதுதான் பார்த்தேன். எட்டு மாதம் தினமும் மணி பார்த்த டயல்!

"படத்தப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமே" என்றார் அண்ணாச்சி.

திரும்ப அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தெரிந்தது. சாய்ந்த கோடு அதில் இருந்தது. எழுத்துக்கள் தடித்து, முனை ஊதிக் கிடந்தன. விற்றவர் எதையும் மறைக்கவில்லை, நான் பார்க்கவில்லை. ஆளைப் பார்த்தாயிற்றே, இனி வாட்சை எதற்குப் பார்க்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். மந்திரத்தின் உண்மையான தீங்கு இதுதான்: அது நம்பிக்கையைக் கொடுத்துக் கண்ணைப் பிடுங்கிக்கொள்கிறது.

முகம் தெரியாத விற்பனையாளர் பக்கம் வருவோம். படித்தவர்கள் இந்த இடத்தில் அக்கர்லாஃபை இழுப்பார்கள். ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970-ல் பழைய கார்ச் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். அவர் சொன்னது இது: காரின் குறை விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. தெரியாதவன் சந்தேகத்தில் விலையைக் குறைத்துக் கேட்பான். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவன் விற்க மாட்டான். கடைசியில் சந்தையில் ஓட்டை வண்டிகளே மிஞ்சும். அப்படியானால் ஆன்லைன் பழைய வாட்ச் சந்தையும் ஓட்டை வாட்சுகளின் சந்தைதான் என்று முடிக்கிறார்கள்.

அக்கர்லாஃபின் கார்க்காரன் தன் காரை ஓட்டியவன். அதன் இருமல் அவனுக்குத் தெரியும். தக்கலைக்காரருக்குத் தன் அப்பாவின் வாட்சைப் பற்றி என்ன தெரியும்? ஓடுகிறது என்பது தெரியும். அது 7009 மெஷின் என்றோ, டயலின் அடியில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கிறது என்றோ தெரியாது. ஆசையோடு பத்து நாள் படித்த என் மருமகனுக்கு அவரைவிட அதிகம் தெரியும். இங்கே அறியாமை தலைகீழாக நிற்கிறது. குறையை மறைக்க வேண்டுமானால் முதலில் குறை எது என்று தெரிந்திருக்க வேண்டும். டயலில் விழுந்த புள்ளியை மறைக்காமல் படம் எடுக்கிறவர், அது புள்ளி என்பதே தெரியாமல் எடுக்கிறார். நன்றாக அறிந்தவரிடம் வாங்கும்போதுதான் அக்கர்லாஃப் சொன்ன பள்ளத்தில் நாம் நிற்கிறோம்.

இதில் எனக்கொரு உறுத்தலும் உண்டு. அறியாமை அவர் பக்கம் என்றால், ஏமாற்றுகிற வாய்ப்பு நம் பக்கம். கணவனை இழந்த ஒரு பெண் ஃபாவ்ர்-லூபா ஒன்றை ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டால் ஓடிப்போய் வாங்குவது சாமர்த்தியமா? நான் விலையைச் சொல்லிவிட்டுத்தான் வாங்குவேன். வாங்குகிறவனுக்கு வரும் ஆபத்தைப் பற்றியே மூச்சுவிடாமல் பேசுகிறவர்கள், இந்த ஆபத்தைப் பேசி நான் கேட்டதில்லை.

குமரி மாவட்டத்தில் இப்படிப்பட்ட வாட்சுகள் வந்த வழி எல்லாருக்கும் தெரியும். எழுபது எண்பதுகளில் சவுதிக்கும் குவைத்துக்கும் துபாய்க்கும் போனவர்கள் விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் டேப்ரிக்கார்டர், செண்டுபாட்டில், கையில் சீகோ 5. அந்தக் கைகள் இப்போது இல்லை, அல்லது மூட்டுவலியில் வாட்ச் கட்டுவதில்லை. பிள்ளைகள் பீரோவை ஒழிக்கிறார்கள். நாற்பது வருடம் யாரும் தொடாமல், வண்ணம் பூசாமல், பாலிஷ் போடாமல் கிடந்த வாட்ச் இந்த வீடுகளில்தான் இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் யாருக்கும் நட்சத்திரம் இருக்காது. ஆயுளில் ஒரு வாட்ச் விற்கிறவனுக்கு ஏது நட்சத்திரம்? ஆள் தெரியாது என்ற ஒரே காரணத்துக்காக இவர்களை ஒதுக்கினால், ஆகத் தூய்மையான சரக்கை ஒதுக்கிவிட்டு வண்ணம் பூசியதை வரிசையில் நின்று வாங்குகிறோம்.

சரி, தெரியாதவரின் பொருளை எப்படி நம்புவது? நம்ப வேண்டாம். படிக்கலாம். சீகோவைப் பொறுத்தவரை அந்தக் கம்பெனியே நமக்காகச் சாட்சி எழுதி வைத்திருக்கிறது. பின்மூடியில் மெஷின் எண்ணும் கேஸ் எண்ணும் இருக்கும். அதோடு ஒரு தொடர் எண். அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். ஒன்று முதல் ஒன்பது வரை எண். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு ஆங்கில முதலெழுத்து. டயலின் அடியில், ஆறுமணிக்குக் கீழே, கண்ணை இடுக்கினால் தெரிகிற அளவில் மறுபடியும் மெஷின் எண். பின்னால் 7009 என்றிருந்து முன்னாலும் 7009 என்றிருந்தால் டயலும் மெஷினும் ஒரு குடும்பம் என்று கொள்ளலாம்.

மதில்மேல் உட்கார்ந்து இரண்டு விளம்பரத்தையும் பெரிதாக்கிப் பார்த்தோம். வெல்வெட் துணிமேல் கிடந்த நீலத்துக்கு ஆறுமணிக்குக் கீழே எழுத்தே இல்லை, வழித்துவிட்ட முகம். தேதி ஜன்னலின் ஓரத்தில் வண்ணம் ஏறியிருந்தது. விவரத்தில் கைச்சாவி கொடுக்கலாம் என்று வேறு எழுதியிருந்தார்கள். 7009 ஆட்டோமேட்டிக். கையசைவில் ஓடும், சாவி கொடுக்க வழியே கிடையாது. ஆயிரக்கணக்கான நட்சத்திரம் பெற்றவர் தான் விற்கிற வாட்சைத் திருப்பிப் பார்த்ததில்லை.

தக்கலை வாட்சின் டயல் அடியில் கலங்கலாகவேனும் எழுத்து இருந்தது. மருமகன் அவருக்கு எழுதிப் பின்மூடியின் படமும், கிழமையை மாற்றுகிற காணொளியும் கேட்டான். பக்கத்தில் அன்றைய தேதியை ஒரு தாளில் எழுதி வைத்து எடுக்கச் சொன்னான். வேறெங்கோ திருடிய படமாக இருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அரைமணி நேரத்தில் வந்தது. தொடர் எண் மூன்றில் தொடங்கி ஏழில் தொடர்ந்தது: ஜூலை மாதம், 1983 அல்லது 1993. அப்பா எப்போது வாங்கினார் என்று கேட்டோம். "84-ல நான் பொறந்ததுக்கு ஊருக்கு வந்தப்ப கெட்டிட்டு வந்தது, சவுதில வாங்குனது." காணொளியில் அவர் சாவியை இழுத்துத் திருப்ப, ஆங்கிலக் கிழமை நகர்ந்து அடுத்து அரபியில் கிழமை வந்தது. வளைகுடா நாடுகளில் விற்ற சீகோக்களில் கிழமைத் தட்டு இப்படி இருமொழியில் இருக்கும். அவர் சொன்ன கதையை வாட்ச் தானே சொல்லிற்று. யார் எவர் என்றே தெரியாத மனிதரைப் பற்றி இதைவிட என்ன நற்சான்றிதழ் வேண்டும்?

படத்தில் தெரியாதவையும் உண்டு. தண்ணீர் புகாது என்ற பழைய உறுதிமொழி இன்று செல்லாது. ரப்பர் வளையம் எப்போதோ உளுத்திருக்கும். எண்ணெய் வற்றியிருக்கும். இதை ஆபத்து என்கிறார்கள். நாற்பது வயது வாட்சுக்கு சர்வீஸ் வேண்டும் என்பது வரப்போகிறது என்று தெரிந்தே வருகிற செலவு. ஆயிரம் ஆயிரத்தைந்நூறை விலையோடு கூட்டிக்கொண்டு, அப்போதும் வாங்கலாமா என்று பார்த்தால் முடிந்தது. சர்வீஸ் செய்து தருகிறேன் என்று நட்சத்திரக்காரர் எழுதியிருந்தாலும் அதைக் கூட்டிக்கொள்ளத்தான் வேண்டும். பெட்ரோலில் முக்கி எடுப்பதும் பல இடங்களில் சர்வீஸ்தான்.

உண்மையிலேயே உடம்புக்கு ஆபத்தான ஒன்று இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. அறுபதுகள் வரை வந்த வாட்சுகள் சிலவற்றில் இருட்டில் ஒளிர ரேடியம் பூசியிருப்பார்கள். இன்று அது ஒளிராது. ஒளிர்கிற ரசாயனம் செத்துப்போயிருக்கும். ஆனால் ரேடியத்தின் வீரியம் பாதியாகவே ஏறக்குறைய 1,600 வருடம் ஆகும். கையில் கட்டுவதைவிட, திறந்து அந்தப் பொடியைச் சுரண்டுவதும் ஊதுவதும்தான் கெடுதல். நம் ஊரில் பைக் ஸ்டிக்கர் முதல் எது மின்னினாலும் அதற்குப் பெயர் ரேடியம் என்பதால், விற்கிறவர் 'ரேடியம் டயல்' என்று எழுதினால் பயப்படவும் முடியாது, பயப்படாமலும் இருக்க முடியாது. வாட்சின் வயதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இதற்கும் விற்கிறவரின் முகவரி உதவாது.

இனி அவர்களுடைய கடைசி அம்பு: பணத்தை வாங்கிக்கொண்டு ஆள் மறைந்துவிட்டால்? இது நடக்கிறது. நிறையவே நடக்கிறது. ஆனால் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். "நான் ராணுவத்துல இருக்கேன், மாற்றலாயிட்டு, அவசரமா விக்கேன்" என்று ஒருவன் வருவான். கேட்காமலே அடையாள அட்டையின் படம் அனுப்புவான். சீருடையில் ஒரு படம். ஆதார் நகல். கூரியர் காசு மட்டும் முதலில் அனுப்பினால் போதும் என்பான். ஆளைப் பார் என்று சொல்லிக் கொடுத்த உலகத்தில், ஆள்போலவே வேடம் கட்டி வருகிறான் அவன். எல்லாச் சான்றையும் வைத்திருப்பான். வாட்சின் பின்மூடியை மட்டும் காட்ட மாட்டான், ஏனென்றால் வாட்ச் அவனிடம் இல்லை. இன்றைய தேதியைத் தாளில் எழுதி வாட்சோடு வைத்துப் படம் எடு என்ற ஒரு கேள்வியில் உதிர்ந்துவிடும் வேடம், ஆளை விசாரித்தால் உதிராது.

பணம் போகிற பாதையைத்தான் கவனிக்க வேண்டும். பொருள் கையில் வந்து பார்த்த பிறகு விற்றவருக்குப் பணம் போகிற ஏற்பாடுள்ள தளம் ஒன்று. சாட்டில் எண் வாங்கி முன்பணம் அனுப்புவது இன்னொன்று. முன்னதில் முகம் தெரியாதவனிடம் வாங்கலாம். பின்னதில் தெரிந்தவன் பெயரில் செய்தி வந்தாலும் யோசிக்க வேண்டும், அவன் கணக்கையே எவனாவது திருடியிருப்பான். பக்கத்து ஊர் என்றால் இன்னும் எளிது. நேரில் போய் வாங்கி வரலாம்.

சட்டமும் வாங்குகிறவனை நட்டாற்றில் விட்டுவிடவில்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 15, விவரித்து விற்ற பொருள் அந்த விவரத்தோடு பொருந்த வேண்டும் என்கிறது. 'ஒரிஜினல் டயல்' என்று எழுதியது வெறும் விளம்பர வாசகம் இல்லை, பிடி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வியாபாரி டெல்லியில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே, நமக்கு நாகர்கோவிலில், வழக்குப் போடலாம். 2020 மின்வணிக விதிகள், புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அதை ஏற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று தளங்களைக் கட்டுப்படுத்துகின்றன. சொந்த வாட்சை ஒருமுறை விற்கிற தனிமனிதரை வியாபாரி என்று நுகர்வோர் சட்டத்தில் இழுப்பது கடினம். இந்த ஒரு இடத்தில் நட்சத்திரக்காரர் மேல். பணமே பறிபோனால் அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண்ணும் 1930. சரக்கு விற்பனைச் சட்டத்தின் ஆண்டும் அதுதான் என்பது தற்செயல். மறக்காமல் இருக்க உதவும்.

லட்சக்கணக்கில் விலைபோகிற ரோலெக்ஸோ தங்க ஒமேகாவோ என்றால் நானும் மந்திரக்காரர்கள் பக்கம்தான். அங்கே போலி செய்கிறவன் மெஷின்வரை செய்வான். படத்தைப் படிப்பது போதாது. பின்னால் நின்று பதில் சொல்ல ஒரு கடை வேண்டும். இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் சீகோவுக்கு அந்த லட்சங்களின் பயத்தை இரவல் வாங்குவானேன்?

ஆளைப் பார் என்பவர்களிடம் இந்தக் கோட்டையைப் பற்றியும் ஒன்று கேட்கலாம். 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா, பிடிபட்ட டிலெனாய் என்ற எதிரிப் படைக்காரனிடம்தான் தன் படையைப் பழக்கும் பொறுப்பையும் கோட்டைகளைப் பலப்படுத்தும் பொறுப்பையும் கொடுத்தார். வட்டக்கோட்டையும் அவன் கைபட்டது. வந்த வழியைப் பார்த்திருந்தால் அவனைச் சிறையிலேயே வைத்திருக்க வேண்டும். ராஜா அவன் வேலையைப் பார்த்தார். டிலெனாய் 1777-ல் சாகும்வரை திருவிதாங்கூருக்கே உழைத்து, உதயகிரிக் கோட்டையில் அடக்கமானான். ஒரு வாட்ச் வாங்க ராஜாவின் துணிச்சல் வேண்டியதில்லை என்பது சரிதான். அவருடைய கண் இருந்தால் நல்லது.

அடுத்த ஞாயிறு மருமகன் தக்கலைக்குப் பஸ்ஸில் போய் வாங்கி வந்தான். பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது அவர் மனைவி காப்பி கொடுத்தார்களாம். வாட்சில் ஒரு குறை இருந்தது: சாவி ஒரிஜினல் இல்லை, சற்றுப் பெரிது. படத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் பார்க்கத் தவறியிருக்கிறோம்.

மணிமேடைச் சந்தில் அண்ணாச்சி பின்மூடியைத் திறந்தார். ரப்பர் வளையம் தார்போல் ஒட்டிக்கொண்டு வந்தது. மெஷின் சுத்தம், ஒரு திருகாணிகூடச் சிதையவில்லை. மூடியின் உட்புறத்தில், முன்பு திறந்த ரிப்பேர்க்காரர் யாரோ ஊசியால் கீறிய எண்கள்: 5/91. லென்ஸை எடுக்காமலே அண்ணாச்சி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அண்ணாச்சி, இத வித்த ஆளு…" என்று தொடங்கினான் மருமகன்.

"ஆளு கெடக்கட்டும் மக்கா. சாவிக்கு ஒரிஜினல் தேடணும். ஆயிரத்து எரநூறு ஆவும், சனிக்கெழம வா" என்று சொல்லிவிட்டு, 5/91-க்குக் கீழே கீறுவதற்கு ஊசியைத் தேடினார்.